சேற்றில் ஒரு கால், தார்வீதியில் ஒரு கால்

"ஆற்றிலே ஒரு கால், சேற்றிலே ஒரு கால்" என்று நம் முன்னோர் சொல்லி வைத்தது, எதிலும் உறுதியாக நில்லாத மனத்தினரைக் கண்டிப்பதற்காக. ஆனால், அவ்வாறு இரண்டிடத்தும் கால் வைப்பதையே தன் தொழிலாகக் கொண்ட ஊர்தி ஒன்றும் உலகில் உண்டு. அது தார் வீதியிலும் ஓடும். தார் முடிந்த இடத்தில் தொடங்கும் கிறவல் பாதையிலும், மணலிலும், சேற்றிலும், ஓடை நீரிலும் ஓடும். 'அட்வெஞ்சர்' மோட்டார்ச் சைக்கிள் என்று அதனை வழங்குகின்றனர். உயர்ந்த உடல், நீண்ட விற்கள், பெரிய முன்சில்லு, பொதி ஏற்றுவதற்கான சட்டங்கள் ஆகியவற்றோடு அது நிற்கும் தோற்றமே இளைஞர் உள்ளத்தில் நெடும்பயண ஆசையை மூட்டிவிடும்.

அத்தகைய வண்டியை வாங்க விரும்பும் இளைஞன் எஞ்சினின் வலுவைக் கேட்கிறான். எரிபொருட் செலவைக் கேட்கிறான். விலையைக் கேட்டுப் பெருமூச்சு விடுகிறான். ரயரைப் பற்றிக் கேட்போர் மிகச் சிலரே. கேட்போரிலும் பலர் கண்ணால் தெரிவு செய்கின்றனர். ஆழ்ந்த பள்ளங்களும் முரட்டுப் பற்களுமாக இருக்கும் ரயர் வீரமானது. மென்மையான கோடுகளையுடைய ரயர் சாதுவானது என்பது அவர்கள் எண்ணம். இந்த எண்ணம் பிழையானது என்பதோடு மட்டுமன்றிச் சில வேளைகளில் உயிருக்கே உலை வைக்கக் கூடியதுமாகும். ஏன் என்பதையும், எவ்வாறு தெரிவு செய்தல் வேண்டும் என்பதையும் சிறிது ஆராய்வோம்.

இரண்டு உள்ளங்கைகள்

இருநூறு கிலோகிராம் எடையுள்ள ஒரு வண்டி. அதன்மேல் ஒரு மனிதன். பின்னால் ஒருவேளை மற்றொருவர். இரு புறமும் பொதிகள். இவையனைத்தும் நிலத்தைத் தொடும் இடம் எவ்வளவு? முன்னே ஓர் உள்ளங்கையளவு. பின்னே ஓர் உள்ளங்கையளவு. அவ்வளவுதான். வேகம் கொள்வதும், வளைவில் திரும்புவதும், எதிரே ஒரு மாடு குறுக்கிட்டால் நிற்பதும் இந்த இரண்டு உள்ளங்கைகளின் பிடியினாலேயே நிகழ வேண்டும். மோட்டார் காருக்கு நான்கு சில்லுகள் உள்ளன. ஒன்று சறுக்கினாலும் மற்ற மூன்றும் தாங்கும். மோட்டார்ச் சைக்கிளின் முன்சில்லு சறுக்கினால், தாங்குவதற்கு ஓட்டுபவனின் தோளும் முழங்காலுமே மிஞ்சும்.

ஆகவே, ரயரைத் தெரிவு செய்பவன் வண்டியின் அலங்காரத்தைத் தெரிவு செய்யவில்லை. இந்த உள்ளங்கைகளின் பிடி எத்தகையதாக இருத்தல் வேண்டும் என்பதையே தீர்மானிக்கிறான்.

பெயரில் விழுந்த ஒரு கோடு

1980ஆம் ஆண்டிலே ஜேர்மனியின் பி.எம்.டபிள்யூ. நிறுவனம் 'ஆர் 80 ஜீ/எஸ்' என்னும் மோட்டார்ச் சைக்கிளை வெளியிட்டது. அப்பெயரிலுள்ள 'ஜீ' என்பது கரடுமுரடான நிலத்தையும், 'எஸ்' என்பது வீதியையும் குறிக்கும் ஜேர்மன் சொற்களின் முதலெழுத்துக்கள். அடுத்த ஆண்டிலேயே அந்நிறுவனத்தின் வண்டி ஒன்று, ஐரோப்பாவிலிருந்து சகாராப் பாலைவனத்தைக் கடந்து மேற்கு ஆபிரிக்காவை அடையும் பாரிஸ்–டக்கார் ஓட்டப் போட்டியில் முதலிடம் பெற்றது. அன்று தொட்டு, இரு நிலத்துக்கும் உரிய வண்டி என்னும் இனம் உலகெங்கும் பெருகலாயிற்று. நமது அயல்நாடான இந்தியாவிலே 2016இல் வெளிவந்த றோயல் என்பீல்ட் ஹிமாலயன் வண்டியும் இவ்வினத்தைச் சேர்ந்ததே.

அந்த 'ஜீ/எஸ்' என்னும் பெயரில் இரண்டு எழுத்துக்களுக்கும் இடையே ஒரு சாய்வுக்கோடு உண்டு. ரயர் செய்வோருடைய முழுத் தொல்லையும் அந்தக் கோட்டிலேதான் அடங்கியுள்ளது. வண்டியின் விற்களை நீட்டலாம், எஞ்சினை உயர்த்தலாம், ஒரே வண்டி இரு நிலத்துக்கும் ஓரளவு பொருந்திவிடும். ரயரோ அவ்வாறு எளிதில் இணங்குவதில்லை. வீதி கேட்பதும் நிலம் கேட்பதும் ஒன்றுக்கொன்று எதிரானவை.

பல்லும் பள்ளமும்

தார் வீதியில் ரயர் எவ்வாறு பிடிக்கிறது? தாரின் மேற்பரப்பு நம் கண்ணுக்குச் சமமாகத் தோன்றினாலும், நுண்ணிய கூர்களும் குழிகளும் நிறைந்தது. றப்பர் அக்குழிகளுக்குள்ளே அமுங்கி, அவற்றின் உருவத்தைத் தானும் கொண்டு, பற்றிக் கொள்கிறது. ஆகையால், எவ்வளவு றப்பர் வீதியைத் தொடுகிறதோ அவ்வளவுக்கு நன்மை. மழை பெய்யும்போது இடையிலுள்ள நீர் வெளியேறுவதற்குச் சில கால்வாய்கள் வேண்டும். வீதி ரயரிலே காணப்படும் கோடுகள் அவையே; அவற்றுக்கு அதற்கு மேல் வேலை இல்லை.

சேற்றிலே நிலைமை வேறு. அங்கே பற்றிக் கொள்வதற்கு உறுதியான மேற்பரப்பே கிடையாது. ரயரின் ஒவ்வொரு பல்லும் மண்வெட்டிபோல நிலத்துள் இறங்கி, மண்ணைப் பின்னே தள்ளி, அத்தள்ளலினால் வண்டியை முன்னே செலுத்த வேண்டும். பற்கள் உயரமாகவும், அவற்றுக்கு இடையேயுள்ள பள்ளங்கள் அகலமாகவும் இருத்தல் வேண்டும். பள்ளம் ஒடுங்கியதாயின், சில்லு ஒருமுறை சுழன்று வருவதற்குள் அதிற் புகுந்த களி உதிராது. இரண்டாம் சுற்றிலே அது களிமண் பூசிய உருளையாகி விடும். வீதி ரயரோடு சேற்றில் இறங்கியவர்கள் அறிந்த அனுபவம் இது.

இனி, அந்த உயர்ந்த பற்களோடு தார் வீதிக்குத் திரும்புவோம். பள்ளம் அதிகமாகையால் வீதியைத் தொடும் றப்பர் குறைவு. வளைவில் சாயும்போதும் பிறேக் பிடிக்கும்போதும் உயர்ந்த பற்கள் வேரோடு வளைந்து கொடுக்கின்றன. வண்டி எங்கே நிற்கிறது என்பதைக் கைகளுக்குத் தெளிவாகச் சொல்வதில்லை. நனைந்த தாரிலே இக்குறை இரட்டிக்கும். அன்றியும், வீதியின் உராய்வில் பற்கள் விரைவில் தேய்ந்து விடும். பாரமான வண்டியொன்றின் பின்சில்லிலே முரட்டுப்பல் ரயர் ஐயாயிரம் கிலோமீற்றரைக் காணுமுன்பே முடிந்துபோவது சாதாரணம். வீதிப் பாங்கான ரயரோ அதைப் போல் இரு மடங்கு ஓடும். சத்தமும் அதிர்வும் வேறு.

வீதிக்குக் கொடுத்ததைச் சேற்றிலிருந்து எடுக்க வேண்டும். சேற்றுக்குக் கொடுத்ததை வீதியிலிருந்து எடுக்க வேண்டும். றப்பர்க் கலவையிலே காபன் கரியோடு சிலிக்காவைச் சேர்த்து ஈரத்தில் பிடியைக் கூட்டும் வித்தை இன்று வளர்ந்துள்ளது. பற்களின் நடுவே பாலங்கள் அமைத்து அவற்றின் ஆட்டத்தைக் குறைக்கின்றனர். ஆயினும், அடிப்படைக் கணக்கை எவரும் மாற்றிவிடவில்லை. இரண்டிலும் முதலிடம் பெறும் ரயர் உலகில் இல்லை.

நூற்றுக்கு எத்தனை?

இதனை அறிந்தே ரயர் வியாபாரிகள் ஒரு விகிதம் சொல்வர். 90/10 எனின், நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு வீதிக்கும் பத்துப் பங்கு கரட்டு நிலத்துக்கும் உரியது; 80/20, 50/50, 20/80 என்று இவ்வரிசை இறங்கிச் செல்லும். இது எந்த அரசாங்கமும் அளந்து முத்திரையிட்ட கணக்கன்று. செய்வோரும் விற்போரும் தம் மதிப்பாகச் சொல்வது. ஆயினும் பயனுள்ளதே. 'என் பயணத்தில் எத்தனை பங்கு எந்த நிலத்தில்?' என்று கேட்டு அதற்கேற்ற ரயரை வாங்குக என்பதே பொதுவான அறிவுரை.

இவ்வறிவுரை நல்லது; ஆனால் முழுமையானதன்று. தூரத்தை மட்டும் எண்ணுவோர் ஆபத்தை எண்ண மறந்து விடுகின்றனர். ஆபத்து தூரத்தின் விகிதப்படி பகிரப்பட்டிருப்பதில்லை.

பௌதிகம் படிக்கும் மாணவர் அறிந்த ஒரு விதியை இங்கே நினைவூட்டுதல் தகும். ஓடும் பொருளின் இயக்கச் சக்தி வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளரும். சேற்றுப் பாதையில் மணிக்கு 20 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் ஒருவன், தார் வீதியில் 80 கிலோமீற்றர் வேகத்தில் செல்வானாயின், வேகம் நான்கு மடங்கு. சக்தியோ பதினாறு மடங்கு. சேற்றிலே பிடி குறைந்தால் வண்டி திணறும், நெளியும், மெல்லச் சரியும். ஓட்டுபவன் இறங்கித் தள்ளலாம், காற்றைக் குறைக்கலாம், நண்பனை அழைக்கலாம், திரும்பியும் போகலாம். மழையில் நனைந்த மலைவளைவிலே, எதிரே லொறி வரும்போது பிடி குறைந்தால், இவற்றுள் எதற்கும் நேரம் இல்லை.

ஆகவே, நாம் கேட்க வேண்டிய கேள்வி, 'எந்த ரயர் சிறந்தது?' என்பதன்று. 'எந்த ரயரின் குறையை என்னால் பொறுத்துக் கொள்ள முடியும்?' என்பதே. வீதிப் பாங்கான ரயரின் குறை, மெதுவான இடத்திலே வெளிப்படுகிறது; பொறுமையாலும் திறமையாலும் அதனை ஈடுசெய்யலாம். முரட்டுப்பல் ரயரின் குறை, விரைவான இடத்திலே வெளிப்படுகிறது. அங்கே பொறுமைக்கும் திறமைக்கும் அவகாசம் இல்லை. இக்காரணத்தால், பெரும்பாலானோருக்கு 80/20 அல்லது அதனையொட்டிய ரயரே தகுந்தது என்பது எம் துணிபு.

இதற்கு விலக்கும் உண்டு. நாட்கணக்காகச் சேற்றிலும் மணலிலும் செல்வோர், உதவிக்கு ஆளில்லாத வனாந்தரங்களைத் தனியே கடப்போர், பாரமான பொதியோடு செங்குத்தான மண்பாதைகளில் இறங்குவோர் ஆகியோருக்குப் பற்களே பாதுகாப்பு. மெதுவாக விழுந்தாலும், இருநூறு கிலோகிராம் வண்டி காலின்மேல் விழுந்தால் எலும்பு முறியும். வைத்தியசாலை இரண்டு நாட் பயணத் தூரத்திலிருந்தால் அந்த முறிவு சிறிய காரியமாகாது. அத்தகையோர் 50/50 ரயரைப் பூட்டி, தார் வீதியில் தம் வேகத்தை அதற்கேற்பக் குறைத்துக் கொள்ளல் வேண்டும். பற்களையும் பூட்டி, வேகத்தையும் விடமாட்டேன் என்பவனே ஆபத்தைத் தேடிச் செல்பவன்.

மனாலியிலிருந்து லே வரை

உதாரணமாக ஒரு பாதையை எடுத்துக் கொள்வோம். இந்தியாவின் இமாசலப் பிரதேசத்திலுள்ள மனாலியிலிருந்து லடாக்கின் தலைநகரான லே வரை செல்லும் மலைவீதி, தெற்காசியாவின் மோட்டார்ச் சைக்கிள் பயணிகளுக்கு ஒரு யாத்திரைத் தலம் போன்றது. நானூறு கிலோமீற்றருக்கு மேற்பட்ட இவ்வீதி, பனிக்காலத்தில் மூடப்பட்டு, கோடையில் திறக்கப்படும். முன்னர் றோதாங் கணவாயின் சேற்றோடு பயணம் தொடங்கும். 2020இல் ஒன்பது கிலோமீற்றர் நீளமுள்ள அடல் சுரங்கப் பாதை திறக்கப்பட்டபின், அச்சேற்றைக் காணாமலே பயணி மலையின் மறுபுறம் சென்று விடுகிறான். அதன் பின் 4,800 மீற்றருக்கு மேல் உயர்ந்த பாராலாச்சா கணவாய். 21 ஊசிவளைவுகளைக் கொண்ட காட்டா வளைவுகள். காற்று வீசும் மோரே சமவெளி. 5,300 மீற்றரைத் தாண்டிய தங்லாங் கணவாய்.

இவ்வீதியில் எல்லாம் உண்டு. நல்ல தார் உண்டு, மண்சரிவால் உடைந்து கல்லாய்க் கிடக்கும் துண்டுகள் உண்டு, புழுதி உண்டு. பனி உருகி வீதியைக் குறுக்கறுத்துப் பாயும் ஓடைகளும் உண்டு. அவ்வோடைகள் காலையில் கணுக்காலளவும், வெயில் ஏறியபின் முழங்காலளவுமாகப் பெருகும். ஆகவே அனுபவமுள்ளோர் காலையிலேயே அவற்றைக் கடந்து விடுவர்.

இப்பாதைக்கு எந்த ரயர்? படங்களைப் பார்த்த இளைஞன் ஓடைகளையும் கற்களையும் நினைத்து முரட்டுப் பற்களைக் கேட்பான். ஆனால், வீதியின் பெரும்பகுதி இன்று தாரிடப்பட்டது. ஓடைப் படுக்கையிலே பிடிப்பது சேறு அன்று, உருண்டைக் கற்கள். அவற்றின்மேல் பற்களைவிட அமைதியான கையும் சீரான வேகமுமே உதவும். கணவாய்களிலிருந்து இறங்கும் நீண்ட வளைவுகளிலோ, குளிர்ந்த ஈரத் தாரின்மேல் நிறைய றப்பர் தேவை. சாதாரண வீதி ரயரோடு இப்பயணத்தை முடித்தோர் எண்ணற்றோர். ஆகவே 80/20 போதும். வீதி பழுதுபட்ட காலமாயின் 60/40 வரை செல்லலாம். இதே பயணி லேயை அடைந்தபின், சாங்தாங் மேட்டுநிலத்தின் மணற் பாதைகளிலே பல நாட்களைக் கழிக்கக் கருதினால் தீர்ப்பு மாறும். ஒரே வண்டி, ஒரே மலைநாடு. ஆனால் பயணம் வேறாயின் ரயரும் வேறு.

முன்னும் பின்னும்

இரண்டு சில்லுகளுக்கும் ஒரே வகை ரயர் வேண்டுமென்பது கட்டாயமன்று. பின்சில்லு தள்ளுகிறது, தேய்கிறது. முன்சில்லு வழிகாட்டுகிறது, பிறேக்கின் பெரும் பாரத்தைத் தாங்குகிறது. பின்சில்லு சற்றே வழுக்கினால் வண்டி வாலை ஆட்டும், பெரும்பாலும் மீளலாம். முன்சில்லு வழுக்கினால் மீள்வது அரிது. ஆகவே நெடும்பயணிகள் பலர், முன்னே சற்றுப் பல் மிகுந்த ரயரையும் பின்னே வீதிப் பாங்கான நீண்டகால ரயரையும் பூட்டுகின்றனர். இவ்வாறு கலக்கும்போது ஒன்றைக் கவனித்தல் வேண்டும். நூற்படைகள் குறுக்கும் மறுக்குமாக அமைந்த ரயரும், நேர்க்குறுக்காக அமைந்த றேடியல் ரயரும் வெவ்வேறு இயல்புடையவை. வண்டி செய்தோரின் கையேடு அனுமதித்தாலன்றி இவ்விரண்டையும் சேர்த்துப் பூட்டலாகாது.

ரியூப் உள்ள ரயரா, இல்லாததா என்பதும் பயணத்தின்போதே புரியும். ரியூப் இல்லாத ரயரில் ஆணி ஏறினால், வெளியிலிருந்தே அடைப்புச் செருகிக் காற்றடித்துப் புறப்படலாம். ரியூப் உள்ளதாயின் சில்லைக் கழற்றி, ரயரைப் பெயர்த்து, ஒட்டுப் போட வேண்டும். ஆனால், கல்லில் மோதி றிம் நெளிந்து போனாலும் ரியூப் காற்றைக் காக்கும். மற்றையதில் நெளிந்த இடத்தால் காற்றுக் கசியும். எதுவாயினும், அதனைத் திருத்தும் கருவிகளும் காற்றுப் பம்பும் பொதியில் இருத்தல் வேண்டும். அவற்றைக் கையாளும் பழக்கமும் வேண்டும். வீட்டு முற்றத்தில் ஒருமுறை செய்து பழகாதவன் நடுக்காட்டில் செய்யமாட்டான்.

காற்று என்னும் கருவி

ரயரை மாற்றாமலே ரயரின் இயல்பை மாற்றும் மலிவான கருவி ஒன்று உண்டு. அதுவே காற்று. அமுக்கத்தைக் குறைத்தால் ரயர் தட்டையாகி, நிலத்தைத் தொடும் இடம் நீளும். மணலிலே புதையாமல் மிதக்கும். கல்லின்மேல் மென்மையாக வளைந்து கொடுக்கும். கையேடு பின்சில்லுக்குச் சதுர அங்குலத்துக்கு 36 இறாத்தல் என்று கூறுமாயின், நீண்ட கிறவல் பாதையில் 28 அளவுக்கும், ஆழ்ந்த மணலில் 20ஐ ஒட்டியும் இறக்குவது வழக்கம். வீதிப் பாங்கான ரயர் உடையோன் சேற்றுக்கும் மணலுக்கும் தன் குறையை ஓரளவு நீக்கிக் கொள்ளும் வழி இதுவே.

ஆயினும் இதிலும் எல்லை உண்டு. காற்றை மிகக் குறைத்தால் கல்லின் அடி நேரே றிம்மில் விழும். ரியூப் நசுங்கி இரு துளைகள் விழும். ரயர் றிம்மின்மேல் நகர்ந்து வால்வைப் பிடுங்கிவிடவும் கூடும். தார் வீதிக்குத் திரும்பியவுடன் மறவாமல் முழு அளவுக்கு அடித்தல் வேண்டும். தளர்ந்த ரயர் வேகத்திலே ஓயாது நெளிந்து சூடேறும். சூடேறிய ரயர் வெடிக்கும்.

மலைப் பயணிகள் அறிய வேண்டிய மற்றொரு செய்தியும் உண்டு. மனாலியின் உயரத்திலிருந்து தங்லாங் கணவாய்க்கு ஏறும்போது வெளிக்காற்றின் அமுக்கம் குறைவதால், அளவுகோலில் ரயரின் அமுக்கம் ஏறத்தாழ 4 இறாத்தல் கூடிக் காட்டும்; மலையின் குளிரோ அதனைக் குறைக்கும். இரண்டும் பெரும்பாலும் ஒன்றையொன்று ஈடு செய்வதால், உச்சியிலே நின்று பதறிக் காற்றை இறக்க வேண்டியதில்லை.

பக்கத்தில் எழுதிய எழுத்து

ரயரின் பக்கச் சுவரிலே அதன் சாதகம் முழுவதும் எழுதப்பட்டுள்ளது. வாசிக்கக் கற்றவனை எந்த வியாபாரியும் ஏமாற்ற இயலாது. '90/90–21 54எஸ்' என்று இருப்பதாகக் கொள்வோம். முதல் எண், ரயரின் அகலம் 90 மில்லிமீற்றர் என்பது. இரண்டாவது, அதன் உயரம் அகலத்தில் நூற்றுக்கு 90 பங்கு என்பது. மூன்றாவது, 21 அங்குல றிம்முக்கு உரியது என்பது. 54 என்பது பாரக் குறியீடு. அவ்வெண் 212 கிலோகிராமைத் தாங்கும் வலுவைக் குறிக்கும். 'எஸ்' என்னும் எழுத்து மணிக்கு 180 கிலோமீற்றர் என்னும் வேக எல்லையைக் குறிக்கும். பின்னாசனத்தில் ஒருவரையும் பொதிகளையும் ஏற்றுவோர் பாரக் குறியீட்டை அலட்சியம் செய்தலாகாது; கையேட்டிலுள்ள எண்ணுக்குக் குறைந்த எண்ணுடைய ரயர் எவ்வளவு மலிவாயினும் வேண்டாம்.

இன்னும் நான்கு இலக்கங்கள் சிறு வட்டத்துள் காணப்படும். '1524' என்றிருப்பின், அந்த ரயர் 2024ஆம் ஆண்டின் 15ஆவது வாரத்திலே செய்யப்பட்டது. றப்பருக்கும் முதுமை உண்டு. வெயிலாலும் காற்றிலுள்ள ஓசோனாலும் அது இறுகி வெடிக்கும். பல் தேயாதிருந்தாலும், ஐந்தாண்டு கடந்த ரயரை ஆண்டுதோறும் சோதித்தல் வேண்டும். பத்தாண்டு கடந்ததை எறிந்துவிடல் வேண்டும். கடையின் மேற்தட்டிலே பல ஆண்டுகள் உறங்கிய ரயர் பளபளவென்று புதிதுபோலத் தோன்றும். அந்த நான்கு இலக்கங்களே உண்மையைச் சொல்லும். புதிய ரயரைப் பூட்டிய பின்னும் முதல் நூறு கிலோமீற்றர் வரை அதன் வழவழப்புத் தேயும்படி நிதானமாக ஓட்டுதல் நன்று.

நம் வீதிகளுக்கு

இந்த றப்பர் நம் நாட்டுக்கு அந்நியமானதன்று. 1876இல் லண்டனின் கியூ பூங்காவிலிருந்து வந்த பிரேசில் இறப்பர்க் கன்றுகள் கம்பஹாவிலுள்ள ஹெனரத்கொடைப் பூங்காவிலேயே நடப்பட்டன; ஆசியாவின் இறப்பர்த் தோட்டங்கள் பெருகியதில் அக்கன்றுகளுக்குப் பெரும் பங்குண்டு. ரயரின் மூலப்பொருளை வளர்த்த மண்ணிலே அதனைத் தெரியும் அறிவும் வளர்தல் வேண்டுமல்லவா?

நமது வண்டிகள் செல்லும் வழியை நினைத்துப் பார்ப்போம். கண்டியிலிருந்து மகியங்கனைக்கு இறங்கும் ஊசிவளைவுகள். நுவரெலியாவின் பனிமூட்டத்தில் நனைந்த தார். வன்னியின் கிறவல் வீதிகள். தேயிலைத் தோட்டங்களின் கல்பாவிய ஒழுங்கைகள். நீண்ட வெயிலுக்குப் பின் பெய்யும் முதல் மழையிலே, வீதியில் படிந்த எண்ணெயும் தூசும் கரைந்து வழுக்குப் பசையாகி விடுகின்றன. வெள்ளைக் கோடுகளும் இரும்பு மூடிகளும் கண்ணாடிபோல வழுக்கும். இவையே நம் இளைஞருக்குரிய பெரிய சோதனை. காய்ந்த கிறவலை, காற்றைச் சிறிது குறைத்த வீதிப் பாங்கான ரயர் நன்றாகவே கடக்கும். மாரியில் குழைந்த களிமண் பாதையை அது கடவாது. ஆனால் அப்பாதையில் நாம் ஆண்டில் எத்தனை நாள் செல்கிறோம்? அந்தச் சில நாட்களுக்காக எஞ்சிய நாட்களின் பாதுகாப்பை விற்கலாமா?

வண்டி வாங்கப் புறப்படும் மாணவன் ஒரு தாளை எடுத்து மூன்று கேள்விகளுக்கு விடை எழுதட்டும். சென்ற ஆண்டில் நான் உண்மையாகச் சென்ற வழிகள் எவை? அவற்றுள் நான் மிக விரைவாகச் சென்ற இடம் எது? அவ்விடத்தில் மழை பெய்திருந்தால் என்ன நேர்ந்திருக்கும்? கனவிலே சென்ற பாலைவனங்களை அத்தாளில் எழுதலாகாது. விடைகளை எழுதி முடித்தபின், ரயர் தானே தெரிந்துவிடும்.

பெற்றோருக்கும் ஒரு சொல். 1888இல் பெல்பாஸ்ற் நகரிலே மிருகவைத்தியர் ஜோன் டன்லப் காற்றடைத்த ரயரைச் செய்தது போட்டிக்காகவன்று. தம் சிறு மகனின் முச்சக்கர வண்டி கரட்டு வீதியில் குலுங்காமல் ஓடுவதற்காக. அதே அக்கறை இன்றும் தேவை. மகன் வண்டி கேட்கும்போது வண்டியின் விலையை மட்டும் எண்ணாமல், நல்ல ரயர் ஒரு சோடியின் விலையையும், அமுக்கம் பார்க்கும் சிறு கருவியின் விலையையும் சேர்த்தே எண்ணுங்கள். செலவைக் குறைக்க வேண்டுமாயின், வண்டியின் அலங்காரத்தில் குறையுங்கள். நிலத்தைத் தொடும் அந்த இரண்டு உள்ளங்கையளவு றப்பரில் குறைக்காதீர்கள்.